கிளிப்புப் பொம்மைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணி காயப்போடும் மரக் கிளிப்புக்கு முகம் வரைந்து, சேலையோ மலாய்ப் பெண்களின் கெபாயாவோ உடுத்திவிட்டால் அரைச் சாண் உயரத்தில் ஒரு பொம்மை தயார். ‘கிளிப் பொம்மை’ என்று எழுதினால் கிளி பறந்துவந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இந்தப் பக்கம் முழுக்கக் ‘கிளிப்பு’ என்றே எழுதியிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் கிளிப்பு. மரத்தில் எந்த வகை வேண்டும்?

மரக் கிளிப்பில் இரண்டு வகை உண்டு. ஸ்பிரிங் கிளிப்பில் இரண்டு மரத் துண்டுகளை நடுவில் ஒரு கம்பிச் சுருள் பிடித்திருக்கும். 1853இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டேவிட் எம். ஸ்மித் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பிருந்தே புழங்கிவந்தது ஒரே கட்டையில் செய்த கிளிப்பு: உருண்டைத் தலை, கழுத்து, நடுவில் பிளந்த இரண்டு கால். கடைகளில் ‘டாலி பெக்’ என்று கேளுங்கள். பொம்மைக்கு வேண்டியது இதுதான். தலையும் காலும் ஏற்கெனவே இருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது.

பீச், பர்ச் போன்ற வெளிர்நிற மரத்தில் செய்தது நல்லது. மூங்கில் கிளிப்பு வேண்டாம். அதன் நார் தூக்கிக்கொண்டு நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் துணி மாட்டும்.

சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும்?

அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே இருக்கும் மளிகைக் கடையில் தேடி அலைய வேண்டாம். டாலி பெக் கயிற்றுக் கொடிக்காகப் பிறந்தது. அதன் பிளவு ஒரு விரல் தடிமனைக்கூடத் தாங்காது. மூங்கில் கழியில் துணி காயப்போடும் ஊரில் அதை யார் வாங்குவார்கள்? பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் கலைப்பொருள் கடைகளிலும் பெரிய கைவினைக் கடைகளிலும் பாருங்கள். இல்லாவிட்டால் இணையக் கடைதான். இணையத்தில் வாங்கும்போது நீளத்தைப் படித்துப் பாருங்கள். படத்தில் ஒன்றுபோலவே தெரியும் 4 செ.மீ. குட்டிக் கிளிப்பும் உண்டு. இந்தப் பக்கத்தில் உள்ள அளவெல்லாம் 11 செ.மீ. கிளிப்புக்கு.

துணிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் தையற்கடைகளில் வெட்டி மீந்த துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். மலாய் உடைகளான பாஜு குரோங்கிற்கும் கெபாயாவுக்கும் அராப் ஸ்திரீட், சீனப் பாணி உடைக்குச் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் பக்கம். சின்னப் பூப் போட்ட துணியாகத் தேடுங்கள். உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிய பூ என்றால் பொம்மையின் உடம்பில் அரைப் பூதான் தெரியும்.

ஒரு பொம்மைக்கு என்னென்ன, எவ்வளவு?

சேலை கட்டிய பொம்மை ஒன்றுக்கு: டாலி பெக் 1, பைப் கிளீனர் 13 செ.மீ., மெல்லிய துணி 25 செ.மீ. நீளம் 6 செ.மீ. அகலம், முடிக்குக் கறுப்பு எம்பிராய்டரி நூல் சுமார் 2.5 மீட்டர், பூவுக்கு 2 மி.மீ. வெள்ளை மணி 10 அல்லது 12, அடியில் ஒட்ட 4 செ.மீ. விட்டமுள்ள மரவட்டு 1. இவை தவிர அக்ரிலிக் பெயின்ட், வெள்ளைப் பசை, 180, 320 எண் உப்புத்தாள், பல்குச்சி, குண்டுத்தலை ஊசி. தூரிகை ஒன்று மெல்லியதாக இருந்தால் போதும். பல்குச்சி இல்லாமல்தான் வேலை ஓடாது.

மரத்தின் மேல் நேரடியாகப் பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம். காய்ந்தபின் தொட்டுப் பாருங்கள், பூனை நாக்குபோலச் சுரசுரக்கும். தண்ணீர் பட்டதும் மரத்தின் நுண்ணிய நார்கள் எழுந்து நின்றுவிடுவதுதான் காரணம். அதை முன்கூட்டியே எழுப்பி வெட்டிவிட வேண்டும். முதலில் 180 எண் தாளால் தேயுங்கள், நாரின் போக்கிலேயே, மேலிருந்து கீழ். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து ஒரு மணி நேரம் காயவிடுங்கள். நார் எழுந்திருக்கும். இப்போது 320 எண் தாளால் மெதுவாக நாலு இழுப்பு. அதன்பின் வெள்ளைப் பசையும் தண்ணீரும் சமபங்கு கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு பெயின்ட்.

பசைப் பூச்சைத் தவிர்ப்பவர்கள் அதிகம். முகத்தில் மை பரவிவிட்டது என்று கேட்பவர்களும் அவர்கள்தான்.

கண் வரைந்தால் மை மேலும் கீழும் ஓடுகிறது. ஏன்?

மரத்தின் நார் கிளிப்பில் நெடுக்காக ஓடுகிறது. மை அந்தக் குழாய்களுக்குள் ஏறிக்கொள்ளும், கண்ணீர் வழிந்தது போல. பசைப் பூச்சு இருந்தால் பாதிக்கு மேல் தடுக்கலாம். மீதி பேனாவைப் பொறுத்தது. ஆல்கஹால் கலந்த மார்க்கர் பசைப் பூச்சையும் ஊடுருவிப் போகும். நிறமித்துகள் மை உள்ள 0.3 மி.மீ. பேனா அல்லது பெயின்ட் பாதுகாப்பானது.

கண்ணுக்குப் பேனாவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. குண்டுத்தலை ஊசியின் தலையைக் கறுப்புப் பெயின்ட்டில் தொட்டு, செங்குத்தாக ஒரு முறை வைத்து எடுங்கள். வட்டமான புள்ளி விழும். இரண்டாவது கண்ணுக்கு மறுபடியும் பெயின்ட்டைத் தொட வேண்டும். தொடாமல் வைத்தால் இரண்டாவது புள்ளி சிறுத்துவிடும், பொம்மை ஒரு கண்ணைச் சிமிட்டும். இரண்டு கண்களுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி. தலையின் நடுக்கோட்டிற்குச் சற்றுக் கீழே வைத்தால் குழந்தை முகம் வரும், மேலே ஏற்றினால் பெரியவர்கள். மூக்கு வேண்டாம். வாய்க்கு ஒரு சின்ன வளைவு போதும். கன்னச் சிவப்புக்குச் சிவப்புக் கலர் பென்சில் முனையைத் தாளில் தேய்த்து, அந்தத் தூளைக் காதுக்குச்சியால் தொட்டு வையுங்கள்.

இனவாரியாகப் பொம்மை செய்யும்போது சீனப் பொம்மைக்கு மட்டும் கோடாகக் கண் வரையும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாமே. எல்லாப் பொம்மைக்கும் அதே இரண்டு புள்ளி. உடையும் முடியும் மற்றதைச் சொல்லிவிடும்.

நம் நிறத்துக்கு எந்தப் பெயின்ட்டை வாங்குவது?

‘ஸ்கின்’ என்று எழுதிய குப்பி பெரும்பாலும் ரோஜா நிறத்தில் இருக்கும். அதை விடுங்கள். ரா சியன்னா 3 பங்கு, பர்ன்ட் அம்பர் 1 பங்கு, வெள்ளை 1 பங்கு, சிவப்பு ஒரு பல்குச்சி முனை: இது நடுத்தரப் பழுப்பு. கூடுதல் கருமைக்கு அம்பரைக் கூட்டுங்கள், கறுப்பைச் சேர்க்காதீர்கள். கறுப்பு சேர்ந்தால் நிறம் சாம்பல் பூத்து, உயிரில்லாமல் போகும். அக்ரிலிக் காயும்போது ஒரு படி அடர்ந்துவிடும் என்பதால் நினைத்ததைவிடக் கொஞ்சம் வெளிறலாகவே கலக்குங்கள். ஒரு குடும்பமே செய்வதானால் எல்லாருக்கும் ஒரே கலவை வேண்டாம். எந்தத் தமிழ் வீட்டில் எல்லாரும் ஒரே நிறம்?

கை எப்படி வைப்பது? துளை போட்டால் மரம் பிளக்கிறது.

துளையே வேண்டாம். பைப் கிளீனரை 13 செ.மீ. வெட்டி, நடுப்பகுதியைக் கழுத்துக்குக் கீழே பின்னாலிருந்து ஒரு சுற்றுச் சுற்றி, பின்புறமே ஒரு முறுக்கு முறுக்குங்கள். சுற்றுக்கு ஏறத்தாழ 4 செ.மீ. போனால், ஒவ்வொரு பக்கமும் 4.5 செ.மீ. மிஞ்சும். நுனியில் அரை செ.மீ. மடித்துவிட்டால் அது உள்ளங்கை, கம்பி முனை விரலில் குத்தவும் செய்யாது. கை தொடையின் நடுவரை வந்தால் அளவு சரி. நீளமாகிவிட்டால் பொம்மை குரங்குச் சாயலில் நிற்கும்.

பைப் கிளீனரின் பஞ்சு கண்ணை உறுத்தினால், அதே எம்பிராய்டரி நூலைத் தோல் நிறத்தில் வாங்கி நெருக்கமாகச் சுற்றுங்கள். தோளிலிருந்து முழங்கை வரை மட்டும் ரவிக்கை நிற நூல். கை வைத்த ரவிக்கை தையலில்லாமல் முடிந்தது.

சேலையை எப்படிக் கட்டுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் ரவிக்கை. துணியில் வேண்டாம், உடம்பிலேயே பெயின்ட் அடித்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

துணித் துண்டின் ஒரு நீளப் பக்கம் ஆலைக் கரையாக, அதாவது நெசவிலேயே முடிந்த ஓரமாக, இருக்கும்படி வெட்டுங்கள். அது கீழே வரவேண்டும், நூல் பிரியாது. மேல் ஓரம் இடுப்பில் மறைந்துவிடும். முந்தானை முனையில் குறுக்கு நூல்களை ஊசியால் 5 மி.மீ. உருவிவிட்டால் குஞ்சம் தானாக வரும்.

கொசுவத்தைப் பொம்மைமேல் வைத்து மடிக்காதீர்கள், மேசையில் மடியுங்கள். தொடக்க முனையிலிருந்து 5 செ.மீ. விட்டுவிட்டு ஐந்து மடிப்பு, ஒவ்வொன்றும் 6 மி.மீ. அகலம். காப்பி கலக்கும் மரக்குச்சி ஏறத்தாழ அந்த அகலம்தான், அதைச் சுற்றியே மடிக்கலாம். ஐந்து மடிப்புக்கும் 6 செ.மீ. துணி போகும். லேசாகத் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியால் ஓர் அழுத்து. மடிப்பின் மேல்முனையில் ஸ்பிரிங் கிளிப்பு ஒன்றை மாட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். அந்தக் கிளிப்புக்கு இங்கே வேலை வந்துவிட்டது.

இனி கட்டுவது நிஜச் சேலையைப் போலவேதான். பொம்மையின் தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம், அதாவது பொம்மையின் வலம், கழுத்திலிருந்து 3 செ.மீ. கீழே, தொடக்க முனையைப் பசைப் புள்ளி வைத்து ஒட்டுங்கள். முன்பக்கமாக இடது பக்கம் போய், முதுகைச் சுற்றி, மறுபடி முன்னால் வந்தால் கொசுவம் நடுவில் வந்து நிற்கும். மடிப்பின் வாய் பொம்மையின் இடப்பக்கம் பார்க்க வேண்டும். இடுப்பில் அதே நிறத் தையல்நூலால் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டுங்கள். மிச்சத் துணி இடமாகப் போய், முதுகைச் சுற்றி, வலக்கையின் அடியில் புகுந்து, மார்பின் குறுக்கே ஏறி, இடத் தோளில் விழுந்து பின்னால் தொங்கும். கணக்குப் பாருங்கள்: முதல் சுற்று 5, கொசுவம் 6, இரண்டாம் சுற்று 5, குறுக்கே 4, முந்தானை 5. ஆக 25 செ.மீ.

பசை மொத்தம் மூன்றே இடத்தில்: தொடக்கம், கொசுவத்தின் தலை, இடத் தோள். பல்குச்சி முனையளவு. அதற்கு மேல் வைத்தால் துணி மடியாமல் அட்டைபோல நிற்கும்.

சேலை கட்டியதும் பொம்மை பீப்பாய்போல உப்பிவிடுகிறதே?

பொம்மை நிஜ மனிதரில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு. உயரத்தையும் அகலத்தையும் நாம் சுருக்கிவிடுகிறோம், துணியின் தடிமன் மட்டும் சுருங்குவதில்லை. ஐந்து மடிப்பு என்றால் கொசுவத்தில் பத்து அடுக்கு, அதோடு இரண்டு சுற்று. பன்னிரண்டு அடுக்கு. துணி 0.3 மி.மீ. தடிமன் என்றால் வயிற்றின் முன்னால் மட்டும் 3.6 மி.மீ. ஏறிவிடும். கிளிப்பின் உடம்போ 12 மி.மீ.தான். அதே சேலையை 0.1 மி.மீ. துணியில் கட்டினால் ஒரு மில்லிமீட்டர் சொச்சம், கண்ணுக்கே தெரியாது. நிஜச் சேலையின் ஐந்தரை மீட்டரைப் பதினைந்தால் வகுத்தால் 37 செ.மீ. வரவேண்டும், நாங்கள் 25 என்று சொல்வதற்கும் ரவிக்கையைப் பெயின்ட் அடிக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

பழைய ஷிஃபான் துப்பட்டா, ஜார்ஜெட், மல் துணி ஆகியவை பொருந்தும். காஞ்சிப் பட்டுத் துண்டு கையில் கிடைத்தால் ஆசை வரும். உடம்புக்கு வேண்டாம், முந்தானைக்கு மட்டும் தனியாக 5 செ.மீ. ஒட்டிக்கொள்ளுங்கள். சரிகைக் கரை 4 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஒரு அங்குலச் சரிகை இந்தப் பொம்மைக்கு முழங்கால்வரை ஏறிவிடும்.

வேட்டி, பாஜு குரோங், சியோங்சாம், சம்சுய் பெண்: இவற்றுக்கு என்ன அளவு?

வேட்டிக்கு 6 செ.மீ. அகலம், 9 செ.மீ. நீளம். இரண்டு சுற்றுக்குச் சரியாக வரும். கரைக்குத் தங்க நிறப் பேனாவால் கீழே ஒரு கோடு. சட்டையைப் பெயின்ட் அடியுங்கள், துண்டை மட்டும் துணியில் தோளில் போடுங்கள்.

பாஜு குரோங்கில் பாவாடை 6 செ.மீ., அதன்மேல் முழங்கால் வரை வரும் 5.5 செ.மீ. மேலாடை. இரண்டும் ஒரே துணியில். மேலாடை தொளதொளவென்று நிற்பதுதான் அழகு, இடுப்பில் கட்டாதீர்கள். சீனப் பெண்களின் சியோங்சாமை நேர்மாறாக உடம்போடு ஒட்டி இறுக்க வேண்டும். 8.5 செ.மீ. உயரம், 4.5 செ.மீ. சுற்று. கழுத்துப் பட்டிக்கு 3 மி.மீ. நாடா, நெஞ்சில் குறுக்காக இரண்டு முடிச்சு.

சீனாவிலிருந்து கூலி வேலைக்கு வந்த சம்சுய் பெண்ணுக்கு அடையாளமே சிவப்புத் தலைத்துணி. 7 செ.மீ. சதுரச் சிவப்புப் பருத்தியை நீர்த்த பசையில் நனைத்துப் பிழிந்து, அரை ஈரத்தில் தலைமேல் சதுரமாக மடித்து வையுங்கள். காய்ந்தபின் அந்த விறைப்பு நிற்கும். உடை கருநீலம் அல்லது கறுப்பு, கையில் இரண்டு பல்குச்சியும் நூலும் கொண்டு ஒரு காவடிக் கூடை. ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குப் பள்ளியில் பொம்மை வரிசை வைப்பவர்கள் இவரையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டுமான வேலை செய்து இந்த ஊரை எழுப்பியவர்களில் ஒருவர்.

ஜடை, பூ, நகை?

தலையின் மேற்பகுதியை முதலில் கறுப்பாகப் பெயின்ட் அடியுங்கள். நூல்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தாலும் மண்டை தெரியாது. கறுப்பு எம்பிராய்டரி நூலை, டிஎம்சி நிறுவன நூலில் 310 எண், 16 செ.மீ. நீளத்தில் 15 இழை வெட்டுங்கள். நடுவில் ஒரு தையல் போட்டு இணைத்தால் அது வகிடு. வகிடு நெற்றியிலிருந்து உச்சிக்கு வரும்படி ஒட்டி, இரு பக்கமும் காதை மறைத்துப் பின்னால் இழுங்கள். பிடரியில் முப்பது நுனி சேரும், அப்படியே பின்னினால் ஜடை கயிறாகிவிடும். உள்பக்கத்தில் பதினைந்தைக் கத்தரித்துவிட்டு மிச்சத்தை ஐந்தைந்தாகப் பின்னுங்கள். கம்பளி நூலில் செய்யாதீர்கள், தலை பூசணிக்காய் ஆகிவிடும்.

மல்லிகைக்கு 2 மி.மீ. வெள்ளை மணியை நூலில் கோத்து அரைவட்டமாக வளையுங்கள். பொட்டு பல்குச்சி நுனி, மூக்குத்தி ஊசி நுனி. வளையலுக்குச் சரிகை நூல் மூன்று சுற்று. இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜமிக்கி, குஞ்சலம், மாங்காய் மாலை என்று ஏற்றிக்கொண்டே போனால் கடைசியில் நகைதான் தெரியும், முகம் தெரியாது.

எந்தப் பசை? சூப்பர் குளூ வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது.

சூப்பர் குளூவின் ஆவி காற்றிலிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து, பக்கத்தில் வெள்ளைத் தூளாகப் படிகிறது. சிங்கப்பூர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, அதனால் இங்கே தொல்லை அதிகம். பெயின்ட் அடித்த முகத்துக்கு அருகே அதைக் கொண்டுபோகவே வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: பருத்தித் துணியிலும் பஞ்சிலும் சூப்பர் குளூ பட்டால் சட்டென்று சூடேறும். விரலில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினால் கொப்புளம் வரும். புகைகூட எழலாம்.

துணிக்கு வெள்ளைப் பசைதான். நேராக வைத்து உடனே துணியை ஒட்டினால் மெல்லிய துணியில் ஊறி, எண்ணெய்க் கறைபோல மினுங்கும். மரத்தில் பசையைத் தடவி மூன்று நான்கு நிமிடம் விட்டு, விரல் ஒட்டும் பதம் வந்ததும் துணியை வையுங்கள். சூடான பசைத் துப்பாக்கி அடிவட்டுக்கு நல்லது. உடைக்கு வேண்டாம், கட்டி கட்டியாக மேடு தட்டும். கஞ்சி, மைதாப் பசை இரண்டும் இந்த ஊருக்கு ஆகாது. வெள்ளிமீன் பூச்சிக்கு அது விருந்து, பசையோடு பருத்தியையும் பட்டையும் தின்றுவிட்டுப் போகும்.

பொம்மை நிற்க மாட்டேன் என்கிறது.

கிளிப்பின் கால்முனை கொடியில் வழுக்கி ஏறுவதற்காகச் சரித்துச் சீவப்பட்டது. நிற்பதற்காக அல்ல. 180 எண் உப்புத்தாளை மேசைமேல் விரித்து, கிளிப்பைச் செங்குத்தாகப் பிடித்து, தாளின்மேல் எட்டுப் போட்டாற்போலத் தேயுங்கள். இரு காலும் தட்டையானதும் 4 செ.மீ. மரவட்டில் ஒட்டி, வட்டின் அடியில் ஓர் இரும்பு வாஷர். எடை கீழே போய்விட்டால் மின்விசிறிக் காற்றுக்கும் அசையாது. இதை உடை உடுத்துவதற்கு முன்பே செய்துவிடுங்கள். சேலை கட்டிய பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துத் தேய்க்க முடியாது.

வார்னிஷ் அடித்ததும் மங்கலாகிவிட்டது.

ஈரக்காற்றில் அடித்ததால். மழையில்லாத நாளில் விடியலுக்கு முன் இங்கே ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேலே இருக்கும், பிற்பகலில் 60 விழுக்காட்டு அளவுக்கு இறங்கும். ஆக, வார்னிஷுக்கு நேரம் பிற்பகல் ஒன்றிலிருந்து நான்குவரை. மழை இருட்டிக்கொண்டு வருகிறதென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஸ்பிரேயைவிடத் தூரிகையால் தடவும் தண்ணீர் வார்னிஷ், பளபளக்காத வகை, இரண்டு மெல்லிய பூச்சு போதும். பளபளப்பு வகை வேண்டாம், முகம் வியர்த்தாற்போல இருக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே வார்னிஷ் டப்பாவில் போட்ட நேரத்தைப்போல இரு மடங்கு காத்திருங்கள். வார்னிஷ் முகத்துக்கும் கைகளுக்கும் மட்டும், துணிக்கு அல்ல.

பெட்டியில் வைத்திருந்தேன், வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது.

பெரும்பாலும் பொம்மை உள்ளே முழுதாகக் காய்வதற்கு முன் மூடியிருப்பீர்கள். கையில் காய்ந்தது போலிருந்தாலும் சேலைக்கு அடியில் இருக்கும் பசைக்கு இரண்டு நாள் வேண்டும். பூஞ்சையை உலர்ந்த தூரிகையால் சன்னலுக்கு அருகே தட்டிவிட்டு, தேய்ப்பு ஆல்கஹாலைக் காதுக்குச்சியில் தொட்டு மரத்தை மட்டும் துடையுங்கள். பெயின்ட் அடித்த இடத்தில் படாமல் பாருங்கள், அக்ரிலிக்கை ஆல்கஹால் கரைக்கும். பிறகு காற்றோட்டமான நிழலில் ஒரு நாள். நேர் வெயில் பூஞ்சையைக் கொல்லும்தான், சேலை நிறத்தையும் கூடவே கொண்டுபோகும்.

காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, ஒவ்வொரு பொம்மைக்கும் மெல்லிய வெள்ளைத் தாள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். டப்பாவின் அடியில் மாவுபோல மரத்தூள் கண்டால் உள்ளே துளைக்கும் வண்டு இருக்கிறது. பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பொம்மைமேல் பனி கோக்கும்.

கொலுவில் வைக்கலாமா?

தாராளமாக. மரப்பாச்சிக்கு வீட்டிலேயே துணி தைத்து உடுத்திக் கொலுவில் வைக்கும் வழக்கம் நமக்குப் பழையது. இதுவும் மரத்துக்கு உடை உடுத்துவதுதான். ஆனால் மேல்படியில் வைத்தால் சுவாமி பொம்மைகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். கடைசிப் படியிலோ தரையில் அமைக்கும் பூங்காவிலோ பத்துப் பன்னிரண்டாக ஒரு காட்சியில் வையுங்கள். கல்யாண ஊர்வலம், தேக்கா சந்தை, எம்ஆர்டி ரயிலுக்கு வரிசை நிற்பவர்கள். அகல்விளக்கைப் பக்கத்தில் ஏற்ற வேண்டாம், ஷிஃபானும் ஜார்ஜெட்டும் ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும்.

பிள்ளைகளோடு செய்யலாமா? எந்த வயதிலிருந்து?

ஐந்து வயதுப் பிள்ளை முகம் வரையும், துணி ஒட்டும். கொசுவமும் ஜடையும் ஒன்பது பத்து வயதுக்கு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் மணி, வாஷர், ஜமிக்கி எதுவும் வேண்டாம், எல்லாம் வாய்க்குள் போகும். பூவைப் பெயின்ட் புள்ளியாக வையுங்கள். காந்தம் ஒட்டிக் குளிர்பெட்டியில் மாட்டும் பொம்மையை எந்தச் சின்னக் குழந்தையின் கைக்கும் எட்டவிடாதீர்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலின் நடுவே அவை ஒன்றையொன்று கவ்வி ஓட்டை போட்டுவிடும்.

சமூக மன்றத்தில் இருபது பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம். என்ன வாங்கிவைப்பது?

கிளிப்பு 25, இரண்டு மூன்று பிளக்கும். 6 செ.மீ. அகலத் துணி அல்லது ரிப்பன் 6 மீட்டர். பைப் கிளீனர் 30 செ.மீ. நீளத்தில் 12, ஒன்றை வெட்டினால் இருவருக்கு. எம்பிராய்டரி நூல் 8 மீட்டர்ச் சிட்டம் 7, ஒன்று மூவருக்கு. மணி 250. மரவட்டும் வாஷரும் இருபத்தைந்து.

தேய்ப்பது, பசைப் பூச்சு, தோல் நிறம், அடிவட்டு எல்லாவற்றையும் முதல்நாளே முடித்துவையுங்கள். வகுப்பில் பெயின்ட் காயக் காத்திருந்தால் அரை மணி நேரம் போய்விடும், பிள்ளைகளும் ஈரப் பெயின்ட்டில் கையை வைப்பார்கள். கொசுவத்தை முன்னரே மடித்து இஸ்திரி போட்டு, ஸ்பிரிங் கிளிப்பு மாட்டி வரிசையாக வைத்துவிடலாம். முகத்தை மட்டும் தொடாதீர்கள். கோணல்மாணலாக இருந்தாலும் அதை அவர்கள்தான் வரைய வேண்டும்.

ஸ்பிரிங் கிளிப்புத்தான் இருக்கிறது. அதில் முடியாதா?

முடியும். இரண்டு துண்டையும் எதிரெதிராகப் பக்கவாட்டில் திருகினால் ஸ்பிரிங் கழன்றுவரும். கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், தெறிக்கும். தட்டையான வெளிப்பக்கங்கள் இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டி, மேலே 20 மி.மீ. மரமணியைத் தலையாக வையுங்கள். உயரம் 9 செ.மீ. சொச்சம் வரும். சேலைத் துணியை 5 செ.மீ. அகலமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கால் பிளந்துவிட்டது. தூக்கிப் போடுவதா?

வேண்டாம். பிளவு நாரின் போக்கிலேயே போயிருந்தால் பல்குச்சியால் வெள்ளைப் பசையை உள்ளே தள்ளி, தையல்நூலால் இறுக்கிச் சுற்றி ஒரு இரவு விடுங்கள். காலையில் நூலை வெட்டி, 320 எண் தாளால் துருத்திய பசையைத் தேய்த்தால் போதும். முழுதாக ஒடிந்து போயிருந்தால் மிச்சக் காலையும் அதே உயரத்துக்கு அறுத்துவிட்டுச் சேலையைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள். வரிசையில் ஒரு குட்டிப் பாட்டி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.